பங்குனியில் நின்றுபோகாத வாசிப்புத் திட்டம்

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். நீங்கள் தென்மராட்சியில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறீர்கள். போன தை முதலாம் திகதி, வருடத்துக்கு 52 புத்தகம், கிழமைக்கு ஒரு வலைப்பூப் பதிவு என்று எழுதி மேசைக்கு மேலே ஒட்டினீர்கள். பங்குனியோடு எல்லாம் நின்றுவிட்டது. கணக்குப் பார்த்தால் ஒன்பது புத்தகம், ஆறு பதிவு. வாற வருடம் எப்படி இலக்கு வைத்தால் மார்கழி வரைக்கும் கொண்டுபோகலாம் என்று கேட்கிறீர்கள். வீட்டில் அப்பப்பாவின் பழைய புத்தகப் பெட்டி ஒன்று கிடப்பதாகவும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த 52ஐ விடுங்கள். ஒரு புத்தகத்துக்கு 200 பக்கம் என்று வைத்தாலும் 10,400 பக்கம். 365 நாளால் பிரித்தால் நாளுக்கு 28, 29 பக்கம். பாடசாலை முடிந்து, சமைத்து, கொப்பி திருத்திய களைப்போடு இருக்கிற ஒருவர் தமிழ் நாவல் ஒன்றில் மணிக்கு 30 பக்கம் வாசித்தாலே நல்ல வேகம். அப்போ ஒரு நாளும் தவறாமல் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் வேண்டும். அதோடு பதிவு. ஒழுங்கான பதிவு ஒன்றுக்கு எனக்கு இன்றைக்கும் மூன்று மணித்தியாலம் பிடிக்கிறது. 52 பதிவுக்கு 156 மணித்தியாலம், எட்டு மணித்தியால வேலைநாள் என்று பார்த்தால் ஏறத்தாழ இருபது நாள். அந்த இருபது நாளை உங்கள் வருடத்தில் எங்கே வைத்திருந்தீர்கள்? நீங்கள் சோம்பலால் நிற்கவில்லை. கணக்கு முதல் நாளே பிழைத்துவிட்டது.

ஏன் பங்குனியில் நின்றது என்பதும் எனக்கு விளங்குகிறது. மாசியில் இல்ல மெய்வல்லுநர் போட்டி. பிள்ளைகளோடு வெயிலில் நின்று, கூடாரம் கட்டி, வீட்டுக்கு வந்து விழுகிற மாதம். அது முடிய தவணைப் பரீட்சை, கட்டுக்கட்டாக விடைத்தாள். எந்த வருடமும் அது அப்படித்தான் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு திட்டம் போட வேண்டும். எங்களுடைய வருடத்துக்கு ஒரு வடிவம் இருக்கிறது. சித்திரை விடுமுறையில் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆடி, ஆவணியில் நல்லூர்க் கோயிலில் கொடியேறினால் 25 நாளும் வீட்டில் ஆள் வரத்துப்போக்கு. அந்த நாட்களில் பெரிய நாவலைத் தொடவே வேண்டாம், கவிதையோ சிறுகதையோ போதும். ஐப்பசி, கார்த்திகையில் மழை தொடங்கினால் ஆறு மணிக்கே இருட்டிவிடும், வெளியில் போக ஏலாது. யாழ்ப்பாணத்தில் வாசிப்புக்கென்றே செய்த மாதங்கள் அவை. தடித்த புத்தகத்தை அந்த மாதங்களுக்கு வையுங்கள். எல்லா மாதத்துக்கும் ஒரே அளவு போட்டதுதான் போன வருடத் திட்டத்தின் பிழை.

52க்குப் பதிலாக நான் சொல்வது இதுதான். கிழமையில் ஐந்து நாள், நாளுக்கு 25 நிமிடம். வெள்ளி, சனி உங்களுக்கு வசதியில்லை என்றால் அவற்றை விடுங்கள். கிழமைக்கு 125 நிமிடம், அதில் 60 பக்கத்துக்குக் கொஞ்சம் கூட. நாலு கிழமையை வருத்தம், கலியாணம், செத்தவீடு என்று கழித்து 48 கிழமைக்குப் பார்த்தால் 3,000 பக்கம். 200 பக்கப் புத்தகம் என்றால் 15. "பதினைந்துதானா" என்று மனம் சொல்லும். போன வருடம் ஒன்பது. அதுவும் பங்குனிக்குள் அடித்துப்பிடித்து வாசித்த ஒன்பது. அவற்றில் எத்தனை இப்போது நினைவில் நிற்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

எத்தனை புத்தகம் முடியும் என்பது புத்தகத்தின் தடிப்பைப் பொறுத்தது, கதையைப் பொறுத்தது, வீட்டு நிலைமையைப் பொறுத்தது. 25 நிமிடம் கதிரையில் இருப்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே இலக்கை அதில் வையுங்கள். இன்னொரு நன்மையும் உண்டு. எண்ணிக்கையை இலக்காக வைத்தால் கை தானாக மெல்லிய புத்தகத்தைத்தான் எடுக்கும். இணையத்தில் வருடாந்த வாசிப்புச் சவால்கள் நடத்துகிற தளங்களில் நானும் சில வருடம் எண்ணிக்கை போட்டேன். ஐப்பசி வந்ததும் 80 பக்கப் புத்தகங்களாகத் தேடத் தொடங்கினேன். தடித்த நாவல் ஒன்று இரண்டு வருடம் அலுமாரியில் கிடந்தது. அதை நான் வாசித்தது, எண்ணுவதை நிறுத்திய வருடம்தான்.

நேரத்தை எதனோடாவது சேர்த்துக் கட்டுங்கள். காலைத் தேத்தண்ணி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தை, எதுவென்றாலும் சரி. போன் அந்த அறையில் இருக்கக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது என்னைப் போலப் பலர் திரும்பவும் வாசிக்கத் தொடங்கினார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் வாசித்தவர்களுக்கு அது புதிதல்ல. வெளிச்சத்துக்கு வழி செய்துகொள்ளலாம். பக்கத்தில் போன் ஒளிர்ந்துகொண்டிருந்தால் மூன்று பக்கம் தாண்டாது.

புத்தகம் எங்கே எடுப்பது என்பதும் திட்டத்தின் பகுதிதான். இந்தியாவில் அச்சான புத்தகம் இங்கே வரும்போது விலை மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஆசிரியச் சம்பளத்தில் மாதம் மூன்று வாங்க முடியாது. மாதம் ஒன்று, அதுவும் கடையில் நின்று பத்துப் பக்கமாவது வாசித்துப் பார்த்து வாங்குங்கள். மற்றதை நூலகத்தில் எடுங்கள். சாவகச்சேரி நகரசபை நூலகம் உங்களுக்குக் கிட்ட. மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் வருகிற அன்று பொது நூலகம். இரவல் புத்தகத்தில் குத்துகிற அந்தத் தவணைத் திகதி இருக்கிறதே, அதைப்போல நல்ல இலக்கு வேறில்லை. காசும் இல்லை, நாங்களாக வைத்த திகதியும் இல்லை. மூன்றாவது, நூலகம் இணையத்தளம். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய எண்ணிம நூலகம். இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பழைய பத்திரிகைகள், நினைவுமலர்கள் எல்லாம் பக்கம்பக்கமாக வருடி (ஸ்கான் செய்து) ஏற்றி வைத்திருக்கிறார்கள், இலவசம். உங்கள் 15இல் ஐந்தையாவது அங்கிருந்து தெரிவுசெய்யுங்கள் என்று கேட்பேன். காரணம் அடுத்ததில் இருக்கிறது.

பதிவு எழுதுவதற்கு வருகிறேன். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப்பற்றித்தான்.

மாதம் ஒரு பதிவு. வருடத்துக்கு 12. அந்தப் பன்னிரண்டில் குறைந்தது நாலு பதிவு, இணையத்தில் எவரும் ஒரு வரிகூட எழுதாத ஈழத்துப் புத்தகத்தைப் பற்றியதாக இருக்கட்டும். சென்னையில் வெளிவந்து பரிசு வாங்கிய நாவலுக்கு நூறு பேர் எழுதியிருப்பார்கள். நீங்கள் நூற்றியோராவது. அதையும் எழுதுங்கள், ஆசையாக வாசித்ததை எழுதத்தான் வேண்டும். ஆனால் இங்கே முந்நூறு, ஐந்நூறு பிரதி அடித்து, பாதி வெளியீட்டு விழாவிலும் மீதி ஆசிரியரின் வீட்டுக் கட்டிலுக்குக் கீழேயும் போய்விடுகிற புத்தகங்களுக்கு நீங்கள்தான் முதலாவது ஆள். பல புத்தகத்துக்குக் கடைசி ஆளும் நீங்களாக இருக்கலாம்.

1981 யூன் தொடக்கத்தில் ஓர் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் பழைய பதிப்புகளும் அதற்குள் இருந்தன. அவற்றை வாசித்தவர்கள் அதற்குப் பிறகும் இருந்தார்கள். ஆனால் வாசித்ததைக் குறித்து வைத்தவர்கள் எத்தனை பேர்? 1966இல் எழுத்தாளர் டொமினிக் ஜீவா இந்த ஊரில் தொடங்கி நாற்பது வருடத்துக்கு மேல் நடத்திய மல்லிகை சஞ்சிகையை எடுத்துப் பாருங்கள். ஒரு புத்தகம் வந்த காலத்தில் ஊர் அதை எப்படி எடுத்தது என்று இன்றைக்கு அறிய, அதில் வந்த நூல் விமர்சனங்களையும் கடிதங்களையும்தான் புரட்டுகிறோம். எழுதியவர்கள் அந்த மாதத்துக்காகத்தான் எழுதினார்கள்.

என் வீட்டிலும் ஒன்று நடந்தது. 1995 ஐப்பசி முடிவில் யுத்தத்தால் வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது, அப்பாவின் இரண்டு அலுமாரிப் புத்தகமும் அப்படியே கிடந்தன. அம்மா நகையையும் காணி உறுதியையும் எடுத்தார். அப்பா ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து மடித்து இடுப்பில் செருகினார். திரும்பி வந்தபோது வீட்டில் அலுமாரிகூட இல்லை. அந்தக் கொப்பி இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரி: பெயர், எழுதியவர், அச்சகம், வருடம், வாங்கிய விலை, பக்கத்தில் சின்னதாய் ஒரு அபிப்பிராயம். "நடை நன்று, முடிவு அவசரம்." "இரண்டாம் முறை வாசிக்க." 412 வரி. மழைத்தண்ணி பட்டு நீல மை பரவிய இடங்களில் வாசிக்க முடியவில்லை. அவற்றில் பலவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்துப் பிடித்தேன். என்னுடைய வலைப்பூவின் முதல் வேலையே அந்தக் கொப்பியைத் தட்டச்சு செய்ததுதான்.

ஆகவே ஒவ்வொரு பதிவின் தலையிலும் அப்பாவின் வரியைப்போல ஒரு வரி வையுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், வெளியீட்டாளர், அச்சகம், முதற்பதிப்பு வருடம், பக்கம், அட்டையில் போட்ட விலை, உங்களுக்கு எங்கே கிடைத்தது. புனைபெயரில் எழுதியவர் என்றால் இரண்டு பெயரையும் போடுங்கள். ஈழத்துக் கவிஞர் மஹாகவியை ஒருவர் மகாகவி என்று தேடுவார், இன்னொருவர் உருத்திரமூர்த்தி என்று தேடுவார். மூன்றும் உங்கள் பதிவில் இருந்தால் எல்லாரும் வந்து சேர்வார்கள். நீங்கள் எழுதிய அபிப்பிராயம் பத்து வருடத்தில் உங்களுக்கே பிடிக்காமல் போகலாம். அந்த வரி பழுதாகாது.

அதற்குக் கீழே எவ்வளவு எழுதுவது? 400 சொல் போதும். கதைச்சுருக்கம் நாலு வரிக்கு மேல் வேண்டாம். உங்களை நிறுத்திய ஒரு பக்கத்தைப் பற்றி எழுதுங்கள். ஏன் அங்கே நின்றீர்கள், அந்த வசனம் என்ன செய்தது, அந்த ஊரின் பேச்சு சரியாக விழுந்திருக்கிறதா. வடமராட்சிக் கதையில் வருகிறவர்கள் தீவகத்தார் பேசுவதுபோலப் பேசினால் அதைச் சொல்ல இந்த மண்ணில் இருக்கிற வாசகரால்தான் முடியும். அதற்கான குறிப்பு வாசிக்கும்போதே எடுக்க வேண்டும். நான் நாட்காட்டியில் அன்றன்று கிழிக்கிற தாளைப் புத்தகத்துக்குள் வைப்பேன். அடையாளமும் அதுதான், பின்பக்கத்தில் பக்க எண்ணும் இரண்டு சொல்லும் எழுதுவதற்கும் அதுதான். புத்தகம் முடியும்போது ஏழெட்டுத் தாள் சேர்ந்திருக்கும். அவற்றை மேசையில் பரப்பினால் பதிவு பாதி எழுதி முடிந்த மாதிரி. இரவல் புத்தகத்தில் பென்சிலாலும் கீறாதீர்கள்.

முடித்து மூன்று நாளுக்குள் முதல் வரைவு. இதையும் இலக்கில் எழுதுங்கள். போன வருடம் உங்களுக்கு ஒன்பது புத்தகத்துக்கு ஆறு பதிவுதான் வந்தது; எழுதாத மூன்றும் கிழமை கடந்து ஆறிப்போனவையாகத்தான் இருக்கும். சூடு போனால் எழுத வராது.

இனி ஒரு சங்கடமான விஷயம். யாழ்ப்பாணம் சின்ன ஊர். நீங்கள் எழுதப்போகிற புத்தகத்தின் ஆசிரியர் உங்கள் அதிபரின் மச்சானாக இருப்பார், இல்லாவிட்டால் உங்களுக்குப் படிப்பித்த ரீச்சராக இருப்பார். வெளியீட்டு விழாவுக்குப் போயிருப்பீர்கள். மங்கல விளக்கு, ஆசியுரை, தலைமையுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, வரிசையில் நின்று கடித உறையைக் கொடுத்து ஒரு பிரதியை வாங்கியிருப்பீர்கள். நயப்புரை சொன்னவர் நூலைக் கம்பனோடு ஒப்பிட்டிருப்பார். வீட்டுக்கு வந்து வாசித்தால் சாதாரணமான கதை. என்ன எழுதுவது?

நான் இரண்டு வருடம் எல்லாரையும் புகழ்ந்து எழுதினேன். ஒருநாள் வாசகர் ஒருவர் கடிதம் போட்டார்: நீங்கள் நல்லது என்று சொன்ன மூன்று புத்தகம் வாங்கினேன், இனி உங்களை நம்பி வாங்க மாட்டேன் என்று. அந்த மனிதர் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். அன்றைக்கு விட்டேன். இப்போது என் வழி இது: தெரிந்தவரின் புத்தகம் என்றால் முதல் வரியிலேயே தெரிந்தவர் என்று எழுதிவிடுவேன். நல்ல கதை எது என்று பெயர் சொல்லிச் சொல்வேன். பிடிக்காததைக் கதையின் இடத்தைக் காட்டிச் சொல்வேன், ஆளைப்பற்றி ஒரு சொல்லும் வராது. முதல் புத்தகம் போட்ட இளம் ஆளிடம் குறை மட்டும்தான் இருக்கிறது என்றால் பதிவு போடாமல், ஆளைக் கண்டு கதைப்பேன். கோபித்தவர்கள் உண்டு. இரண்டு பேர் இன்னும் கதைப்பதில்லை. மற்றவர்கள் அடுத்த புத்தகத்தின் கைப்பிரதியையே கொண்டுவந்து தந்தார்கள்.

தொழில்நுட்பம் பற்றிச் சுருக்கமாக. இங்குள்ள அச்சகங்களில், யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துரு இன்னும் நடமாடுகிறது. ஆசிரியர் தருகிற கோப்பிலிருந்து ஒரு பந்தியை அப்படியே வெட்டி ஒட்டினால் வெறும் குப்பையாகத் தெரியும், தேடலிலும் வராது. யுனிகோட்டுக்கு மாற்றிப் போடுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 வருடம் வரை உரிமை இருக்கிறது. அட்டைப்படமும் சில வரி மேற்கோளும் போதும், முழுக் கதையைப் படமெடுத்துப் போடாதீர்கள். எழுதியதை இரண்டு இடத்தில் வைத்திருங்கள். நான் ஒரு காலத்தில் காசு கட்டி ஓரிடத்தில் பதிவுகளை வைத்திருந்தேன். அந்தச் சேவை ஒருநாள் சொல்லாமல் மூடிவிட்டது, மூன்று வருட எழுத்தும் போனது. இப்போது வெளியிட்டவுடன் ஒரு பிரதியைக் கணினியில் சேமித்து, வருட முடிவில் பன்னிரண்டையும் தாளில் எடுத்துத் துவாரம் போட்டுக் கோப்பில் கட்டுகிறேன். முகநூலில் மட்டும் எழுதுவதை நான் விரும்புவதில்லை. அடுத்த கிழமை நீங்களே தேடினாலும் எடுக்க முடியாது. பதிவை வலைப்பூவில் போட்டு, சுட்டியை முகநூலில் கொடுங்கள். வாசகர் எண்ணிக்கையை இலக்கில் சேர்க்கவே வேண்டாம்.

இடையில் விட்டுப்போனால்? விட்டுப்போகும். எங்களுக்கு வருடம் இரண்டுமுறை பிறக்கிறது என்பதை இதற்குப் பயன்படுத்துங்கள். தையில் தொடங்கியது மாசி, பங்குனியில் தளர்ந்தால் சித்திரைப் புத்தாண்டில் திரும்ப எடுங்கள். விட்ட பக்கங்களைச் சேர்த்து அடிக்கப் பார்க்காதீர்கள், அன்றைய 25 நிமிடத்தில் இருந்து தொடங்கினால் சரி. மூன்றாவது நிறுத்தம் ஒக்ரோபர். நாடு முழுக்க வாசிப்பு மாதம், உங்கள் பாடசாலையிலும் ஏதாவது நடக்கும். வருட ஆரம்பத்தில் எழுதியதை அன்றைக்கு எடுத்துப் பார்த்து, மழைக்கால மூன்று மாதத்துக்கும் திருத்தி எழுதுங்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரைக் கூட்டி மாதம் ஒரு புத்தகம் கதைக்க முடிந்தால், அது உங்களைக் கட்டாயம் வாசிக்க வைக்கும்.

இனி அப்பப்பாவின் பெட்டி. உங்கள் முதல் நாலு பதிவும் அதற்குள்தான் இருக்கின்றன என்று நினைக்கிறேன். பெட்டியை அறைக்குள் திறக்க வேண்டாம். முற்றத்தில் நிழல் விழுகிற இடமாகப் பழைய சேலை ஒன்றை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள். நேரே வெயிலில் போட்டால் தாள் முறியும். கறையான் ஏறியது இருந்தால் அதை முதலில் வேறாக்குங்கள். மென்மையான தூரிகையால் தட்டுங்கள், துணியால் தேய்க்காதீர்கள். நினைவுமலர்கள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். இறந்தவரின் அந்தியேட்டிக் கிரியைக்கு அடித்ததுதானே என்று பலர் கழிக்கிறார்கள். தேவாரத்துக்குப் பின்னால் அந்தக் குடும்பத்தின் வம்சாவளியும், சிலவேளை ஊரின் வரலாறும் நாலைந்து பக்கம் இருக்கும். அந்த ஊரைப்பற்றி அச்சில் உள்ளது அது ஒன்றாகவே இருக்கலாம். புத்தகங்களுக்குள் வைத்த பஸ் ரிக்கெற், கடிதம், காய்ந்த பூ எல்லாம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துவிட்டு எடுங்கள்.

பிறகு ஒரு கொப்பியில் பட்டியல். பெயர், எழுதியவர், அச்சகம், வருடம், விலை. அப்பப்பா முதற்பக்கத்தில் கையெழுத்தும் திகதியும் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். நூலகம் தளத்தில் ஒவ்வொரு பெயராகத் தேடுங்கள். அங்கே இல்லாத ஒன்று வந்தால், அதுதான் உங்கள் தை மாதப் புத்தகம். வருடுவதற்கு அவர்களுக்கு இரவலாகக் கொடுக்க விருப்பமா என்று அப்பாவிடம் கேட்டுவையுங்கள். அந்தப் பட்டியல் முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். என்னுடைய அப்பாவின் கொப்பியில் மை கரைந்துபோன பதினொரு வரி இன்னும் நிரப்பாமல் கிடக்கிறது. உங்கள் பெட்டியில் ஒன்றாவது இருக்குமா என்று பார்க்க வேண்டும்.